சேமிப்புக்கணக்கு ஒரு கணக்குதான்; அதன் பட்டியல்?

கேள்வி:

கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு மென்பொருள் எழுதும் சிறிய குழு ஒன்றில் வேலை பார்க்கிறேன். மொழி ஜாவா. எங்களிடம் 'கணக்கு' என்று ஒரு கிளாஸ் இருக்கிறது. சேமிப்புக்கணக்கு, கடன்கணக்கு இரண்டும் அதை எக்ஸ்டெண்ட் செய்கின்றன. மொத்த இருப்பைக் கூட்டிச் சொல்லும் மெத்தட் ஒன்று லிஸ்ட்<கணக்கு> கேட்கிறது. நான் லிஸ்ட்<சேமிப்புக்கணக்கு> கொடுத்தால் கம்பைலர் ஏற்க மறுக்கிறது. சேமிப்புக்கணக்கு ஒரு கணக்கு இல்லையா? இதையே அர்ரேயாகக் கொடுத்தால் மறுபேச்சில்லாமல் ஏற்கிறது.

எங்கள் டீம் லீட் அண்ணா, "கோண அடைப்பை எடுத்துவிட்டு வெறும் லிஸ்ட் என்று போடு, ஓடும்" என்றார். ஓடியது. சில வாரம் கழித்து, வட்டி வரவு வைக்கும் இடத்தில், காஸ்ட் என்று எதுவுமே எழுதாத ஒரு வரியில் கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷன் வந்தது. இன்னொருவர் "கேள்விக்குறி எக்ஸ்டெண்ட்ஸ் கணக்கு" என்று எழுதச் சொன்னார். எழுதினேன், இப்போது பட்டியலில் ஆட் செய்ய முடியவில்லை. தவிர, கணக்கு கிளாஸ் ஏற்கெனவே கம்பேரபிள்<கணக்கு>. சேமிப்புக்கணக்கை கம்பேரபிள்<சேமிப்புக்கணக்கு> ஆக்கப் பார்த்தால் அதற்கும் பிழை. அடுத்து, எல்லா ரெப்போசிட்டரிகளையும் ஒரே ஜெனரிக் பேஸ் கிளாஸின் கீழ் கொண்டுவரலாம் என்று திட்டம். இன்ஹெரிட்டன்ஸும் ஜெனரிக்ஸும் ஒத்துப்போகவே போகாதா?

– வாசகி, நாமக்கல்

பதில்:

ஒத்துப்போகும். கம்பைலர் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: வாங்கும் பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள்? அதிலிருந்து எடுக்கப்போகிறீர்களா, அதற்குள் போடப்போகிறீர்களா? மெத்தட்டின் முகப்பிலேயே அதைச் சொல்லிவிட்டால் உங்கள் கடிதத்தில் உள்ள சிக்கல்களில் பாதி அவிழ்ந்துவிடும். மீதிக்கு ஜாவாவின் பழைய கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அதையும் சொல்கிறேன்.

எடுத்துக்காட்டுகளில் உங்கள் கிளாஸ் பெயர்களை அப்படியே தமிழில் வைத்திருக்கிறேன். ஜாவா யூனிகோடு பெயர்களை ஏற்கும் மொழி. கிளாஸுக்குக் 'கணக்கு' என்றே பெயர் வைத்தாலும் கம்பைல் ஆகும். கீவேர்டுகளையும் லைப்ரரிப் பெயர்களையும் மட்டும் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் விரும்பியபடியே கம்பைலர் ஏற்றுக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். இந்த நான்கு வரிகளைப் பாருங்கள்.

லிஸ்ட்<சேமிப்புக்கணக்கு> சேமிப்புகள் = நியூ அர்ரேலிஸ்ட்<>();
லிஸ்ட்<கணக்கு> எல்லாம் = சேமிப்புகள்;
எல்லாம்.ஆட்(நியூ கடன்கணக்கு());
சேமிப்புக்கணக்கு முதல் = சேமிப்புகள்.கெட்(0);

முதல் வரியில் குறை சொல்ல எதுவுமில்லை. மூன்றாவது வரியிலும் இல்லை: 'எல்லாம்' என்பது கணக்குகளின் பட்டியல், கடன்கணக்கு ஒரு கணக்கு, போடலாம். நான்காவதும் நியாயம்தான்: சேமிப்புக்கணக்குகளின் பட்டியலிலிருந்து எடுத்தால் சேமிப்புக்கணக்குதானே வர வேண்டும்? ஆனால் 'சேமிப்புகள்', 'எல்லாம்' இரண்டும் ஒரே பட்டியலுக்கு வைத்த இரண்டு பெயர்கள். ஆகவே நான்காவது வரியில் உங்கள் கைக்கு வருவது ஒரு கடன்கணக்கு. ஒன்று, நிரல் அந்த இடத்திலேயே விழ வேண்டும். அல்லது கடன் வாங்கியவருக்குச் சங்கமே வட்டி வரவு வைக்க வேண்டும். இரண்டுமே வேண்டாம் என்றால் நான்கில் ஏதாவது ஒரு வரியைத் தடுத்தாக வேண்டும். தடுக்கத் தகுந்தது இரண்டாவது வரி ஒன்றுதான். நீங்கள் பார்த்த பிழை அதுதான்.

இன்ஹெரிட்டன்ஸ் என்றால் பண்புகளைக் கடன் வாங்குவது என்று கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதைவிட முக்கியமானது அதில் அடங்கிய வாக்குறுதி. பேரன்ட் கிளாஸ் இருக்கும் இடத்தில் சைல்ட் கிளாஸைக் கொண்டுவந்து வைத்தால், பேரன்ட்டை நம்பி எழுதிய நிரல் ஏமாறக் கூடாது. பார்பரா லிஸ்கோவ் 1987-ல் ஆற்றிய உரையில் இந்தக் கருத்தை முன்வைத்தார். 1994-ல் ஜெனட் விங்குடன் சேர்ந்து அதற்குத் துல்லியமான வடிவம் கொடுத்தார். இந்த அளவுகோலை உங்கள் பட்டியலுக்கு வைத்துப் பாருங்கள். லிஸ்ட்<கணக்கு> தரும் வாக்குறுதிகளில் ஒன்று, 'எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் உள்ளே வைத்துக்கொள்வேன்' என்பது. லிஸ்ட்<சேமிப்புக்கணக்கு> அதைக் காப்பாற்ற முடியாது. காப்பாற்ற முடியாதது சைல்ட் ஆகவும் முடியாது. உள்ளே இருக்கும் பொருள்களுக்கு இடையே என்ன உறவு இருந்தாலும் சரி.

அர்ரேலிஸ்ட்<கணக்கு> என்பது லிஸ்ட்<கணக்கு> தான். லிஸ்ட்<கணக்கு> என்பது கலெக்ஷன்<கணக்கு> தான். கோண அடைப்புக்கு வெளியே உள்ள பெயர் வழியாக இன்ஹெரிட்டன்ஸ் வழக்கம்போல ஓடும். உள்ளே உள்ள பெயர் வழியாகத் தானாக ஓடாது. இந்த ஒரு வித்தியாசத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டால் ஜெனரிக்ஸ் பற்றிய பயம் பெருமளவு போய்விடும்.

அப்படியென்றால் அர்ரே மட்டும் ஏன் ஏற்கிறது என்ற உங்கள் கேள்வி மிக நல்ல கேள்வி. 1996-ல் ஜாவா 1.0 வந்தபோது ஜெனரிக்ஸ் கிடையாது. எந்த அர்ரேயைக் கொடுத்தாலும் வரிசைப்படுத்தவோ, கலைத்துப்போடவோ, ஒப்பிடவோ ஒரே மெத்தட் எழுத வேண்டுமென்றால், அது ஆப்ஜெக்ட் அர்ரேயை வாங்குவதாக இருக்க வேண்டும். ஸ்ட்ரிங் அர்ரேயை அந்த இடத்தில் கொடுக்க முடிய வேண்டும். அதற்காக, சேமிப்புக்கணக்கு அர்ரே என்பது கணக்கு அர்ரேயின் சைல்ட் என்று வைத்துவிட்டார்கள். அன்றைக்கு வேறு வழி இல்லை. ஆனால் மேலே பார்த்த ஓட்டை அங்கேயும் அப்படியே இருக்கிறது. அதை அடைக்க, ஒவ்வொரு அர்ரேயும் தான் எந்த வகையில் உருவானது என்பதை ரன்டைமிலும் நினைவில் வைத்திருக்கிறது. நீங்கள் அதில் ஒரு பொருளைப் போடும்போது ஜேவிஎம் வகையைச் சரிபார்த்து, பொருந்தாவிட்டால் அர்ரேஸ்டோர்எக்ஸெப்ஷன் வீசுகிறது. அதாவது, உங்கள் மேசையில் கம்பைல் செய்யும்போதே தெரிந்திருக்க வேண்டிய பிழை, வாடிக்கையாளரின் அலுவலகத்தில் மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது தெரியவருகிறது. சி ஷார்ப்பும் அர்ரேக்களில் இதே வழியில்தான் போனது. 'அர்ரே ஏற்கிறதே' என்பதை அர்ரேயின் பெருமையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். லிஸ்ட் செய்வதுதான் சரி.

இனி உங்கள் மெத்தட்டுக்கு வருவோம். மொத்த இருப்பைக் கூட்டும் மெத்தட் பட்டியலில் எதையும் போடுவதில்லை. ஒவ்வொரு கணக்காக எடுத்து இருப்பைக் கேட்டுக் கூட்டுகிறது, அவ்வளவுதான். அப்படியிருக்க, லிஸ்ட்<கணக்கு> என்று எழுதும்போது நீங்கள் தேவைக்கு மேல் கேட்டுவிடுகிறீர்கள்: 'எந்தக் கணக்கையும் போட அனுமதிக்கும் பட்டியல் கொடு' என்று. உங்களுக்கு வேண்டியது 'எடுத்தால் ஏதோ ஒரு கணக்கு வரும்' என்ற உறுதி மட்டும். அதை இப்படி எழுத வேண்டும்:

மொத்தஇருப்பு(லிஸ்ட்<? எக்ஸ்டெண்ட்ஸ் கணக்கு> பட்டியல்)

இதன் பொருள்: கணக்கு அல்லது கணக்கின் சைல்ட் ஏதோ ஒன்றின் பட்டியல், எதன் பட்டியல் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். லிஸ்ட்<சேமிப்புக்கணக்கு> கொடுக்கலாம், லிஸ்ட்<கடன்கணக்கு> கொடுக்கலாம், லிஸ்ட்<கணக்கு> கொடுக்கலாம். எடுத்தால் கணக்கு வரும் என்பது உறுதி.

இதை எழுதியதும் ஆட் வேலை செய்யவில்லை என்கிறீர்கள். யோசித்துப் பார்த்தால் அது வேலை செய்யக் கூடாது. எதன் பட்டியல் என்றே தெரியாதபோது எதை நம்பி உள்ளே போடுவது? நீங்கள் சேமிப்புக்கணக்கைப் போட நினைக்கும் நேரத்தில் அது கடன்கணக்குகளின் பட்டியலாக இருக்கலாம். ஆகவே கம்பைலர் நல் ஒன்றைத் தவிர வேறு எதையும் போட விடாது. ஆனால் இது 'படிக்க மட்டும்' என்ற பூட்டு இல்லை. கிளியர் அழைத்துப் பட்டியலைக் காலி செய்யலாம், ரிமூவ் அழைத்து ஒன்றை நீக்கலாம். வகை தெரிந்தால்தான் செய்ய முடியும் என்ற வேலைகள் மட்டுமே தடுக்கப்படுகின்றன. மாற்ற முடியாத பட்டியல் வேண்டுமென்றால் அதற்கு லிஸ்ட்.காப்பிஆஃப் போன்ற வேறு வழிகள் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

போடுவதற்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. அன்று புதிதாகத் திறந்த சேமிப்புக்கணக்குகளை ஒரு பட்டியலில் சேர்க்கும் மெத்தட் எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். அதற்கு லிஸ்ட்<சேமிப்புக்கணக்கு> கொடுத்தாலும் சரி, லிஸ்ட்<கணக்கு> கொடுத்தாலும் சரி, லிஸ்ட்<ஆப்ஜெக்ட்> கொடுத்தாலும் சரி, சேமிப்புக்கணக்கு உள்ளே போய் உட்காரும். இங்கே எழுத வேண்டியது:

புதியவைசேர்(லிஸ்ட்<? சூப்பர் சேமிப்புக்கணக்கு> எங்கே)

இதில் போடுவது சுலபம். எடுத்தால் வெறும் ஆப்ஜெக்ட்தான் கிடைக்கும். எடுக்கும் பட்டியலுக்கு எக்ஸ்டெண்ட்ஸ், போடும் பட்டியலுக்கு சூப்பர். ஜோஷுவா பிளாக் தம் எஃபெக்டிவ் ஜாவா நூலில் இதற்கு 'பெக்ஸ்' என்று ஒரு நினைவுச் சொல் கொடுத்திருக்கிறார். உங்கள் அலுவலகத்தில் யாராவது அதைச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஜாவாவின் சொந்த லைப்ரரியில் இரண்டையும் ஒரே வரியில் பார்க்க வேண்டுமென்றால் கலெக்ஷன்ஸ்.காப்பி மெத்தட்டைத் திறந்து பாருங்கள். போய்ச்சேரும் பட்டியல் லிஸ்ட்<? சூப்பர் வகை>, மூலப் பட்டியல் லிஸ்ட்<? எக்ஸ்டெண்ட்ஸ் வகை>. சேமிப்புக்கணக்குகளை அனைத்துக் கணக்குகளின் பட்டியலுக்குள் நகலெடுக்கலாம்; தலைகீழாகச் செய்ய முயன்றால் கம்பைல் ஆகாது. எது நியாயமோ அது மட்டும் நடக்கிறது.

ஒரே மெத்தட் எடுக்கவும் வேண்டும், போடவும் வேண்டும் என்றால்? அங்கே கேள்விக்குறியை விட்டுவிடுங்கள். மெத்தட்டுக்கே ஒரு வகைப் பெயர் கொடுங்கள்: <வகை எக்ஸ்டெண்ட்ஸ் கணக்கு> என்று முன்னால் எழுதி, பாராமீட்டரை லிஸ்ட்<வகை> என்று வையுங்கள். இப்போது எடுத்ததையே திரும்பப் போடலாம், வரிசை மாற்றலாம். எடுத்ததும் போட்டதும் ஒரே வகை என்று கம்பைலருக்குத் தெரிகிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மெத்தட் திருப்பித் தரும் வகையில் கேள்விக்குறி வைக்காதீர்கள். வைத்தால், உங்கள் மெத்தட்டை அழைப்பவர்கள் எல்லோரும் தங்கள் நிரலில் அந்தக் கேள்விக்குறியைச் சுமந்துகொண்டு திரிய வேண்டியிருக்கும்.

இந்தக் கேள்விக்குறி ஏற்பாடு ஜாவாவில் கடைசி நேரத்தில் வந்து சேர்ந்தது. ஜப்பானின் அட்சுஷி இகராஷியும் இத்தாலியின் மிர்கோ விரோலியும் 2002-ல் எழுதிய ஆய்விலிருந்து எடுத்து, மேட்ஸ் டோர்கர்சென் உள்ளிட்ட குழுவினர் வடிவமைத்து, 2004-ல் ஜாவா 5-இல் ஜெனரிக்ஸுடன் சேர்த்துத் தந்தார்கள். அதன் விலை என்னவென்றால், மெத்தட் எழுதுபவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையும் நினைவாக அதை எழுத வேண்டும். காட்லின் மொழியில் அந்தச் சுமையை கிளாஸ் எழுதுபவரே ஒருமுறை சுமந்துவிடுகிறார்: அங்கே லிஸ்ட் என்பது எடுக்க மட்டுமே ஆன இன்டர்ஃபேஸ், ஆகவே வகைக்கு முன் 'அவுட்' என்று அறிவித்துவிட்டார்கள். நீங்கள் முதலில் எழுதிய அதே மெத்தட்டைக் காட்லினில் எழுதியிருந்தால் மாற்றமே இல்லாமல் கம்பைல் ஆகியிருக்கும். போடவும் வேண்டுமென்றால் மியூட்டபிள்லிஸ்ட். அங்கே இதே தடை உண்டு. சி ஷார்ப்பும் 2010-ல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து இன்டர்ஃபேஸ்களில் இன், அவுட் என்று இதைத் தருகிறது. எனக்குக் காட்லின் வழி பிடிக்கும். எழுதுபவரை நம்பாமல் வகையையே பேச வைக்கிறது என்பதால்.

அடுத்தது டீம் லீட் அண்ணா சொன்ன வழி. கோண அடைப்பை எடுத்துவிட்டால் ஓடும் என்பது உண்மை. அது ஏன் ஓடுகிறது என்பதில்தான் உங்கள் எக்ஸெப்ஷனின் வேர் இருக்கிறது.

1998-ல் கிலாட் பிராச்சா, மார்ட்டின் ஓடர்ஸ்கி, டேவிட் ஸ்டவுடமையர், ஃபிலிப் வாட்லர் நால்வரும் ஜிஜே என்ற ஜாவா நீட்சியை வெளியிட்டார்கள். இன்றைய ஜாவா ஜெனரிக்ஸ் அதன் மேல் எழுந்ததுதான். அவர்கள் முன் இருந்த பெரிய நிபந்தனை, ஏற்கெனவே உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்த ஜாவா நிரல்கள் எதுவும் உடையக் கூடாது என்பது. ஆகவே ஜெனரிக் வகைகளைக் கம்பைலர் சரிபார்த்த பிறகு அழித்துவிடுவது என்று முடிவெடுத்தார்கள். கம்பைல் ஆனபின் லிஸ்ட்<சேமிப்புக்கணக்கு>, லிஸ்ட்<கடன்கணக்கு> இரண்டுமே ஜேவிஎம் கண்ணுக்கு வெறும் லிஸ்ட். பழைய நிரல் வெறும் லிஸ்ட் என்று எழுதியிருந்தால் அதுவும் அதேதான். பழையதும் புதியதும் கைகோத்து ஓட இது வழி செய்தது. மைக்ரோசாஃப்டில் டான் சைமும் ஆண்ட்ரூ கென்னடியும் டாட் நெட்டுக்கு வேறு வழி எடுத்தார்கள்; அங்கே ரன்டைமுக்கும் வகை தெரியும். ஜாவாவில் தெரியாது.

வகை அழிந்துவிட்டால் கெட் அழைப்பு திருப்பித் தருவது வெறும் ஆப்ஜெக்ட். அதைச் சேமிப்புக்கணக்கு மாறியில் வைக்க ஒரு காஸ்ட் வேண்டும். அந்த காஸ்ட்டைக் கம்பைலரே உங்களுக்குத் தெரியாமல் செருகிவிடுகிறது. ஜேடிகேயுடன் வரும் ஜாவாபி கருவியில் மைனஸ் சி கொடுத்து உங்கள் கிளாஸ் ஃபைலைத் திறந்து பாருங்கள். கெட் அழைப்புக்கு அடுத்த வரியில் செக்காஸ்ட் என்ற கட்டளை நின்றுகொண்டிருக்கும். நீங்கள் எழுதாத காஸ்ட் அதுதான். கம்பைலரின் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் நிரல் கம்பைல் ஆனால் அந்த காஸ்ட் தோற்காது என்பது ஜெனரிக்ஸ் தரும் உத்தரவாதம். வெறும் லிஸ்ட் என்று எழுதி, அன்செக்ட் எச்சரிக்கையையும் தாண்டிப் போனபோது அந்த உத்தரவாதத்தை நீங்களே கைவிட்டுவிட்டீர்கள். எங்கோ ஒரு இடத்தில், வெறும் லிஸ்ட் வழியாக, ஒரு கடன்கணக்கு சேமிப்புப் பட்டியலுக்குள் போயிருக்கிறது. அப்போது எதுவும் ஆகவில்லை. வட்டி வரவு நாளில் எடுத்துப் பார்த்தபோதுதான் வெடித்தது. எக்ஸெப்ஷன் வந்த வரியில் தவறு எதுவும் இல்லை. தவறு நடந்த வரி வேறு ஃபைலில் இருக்கும்.

அதைப் பிடிக்க ஜாவாவிலேயே ஒரு கருவி உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. பட்டியலை உருவாக்கும் இடத்தில் அதை கலெக்ஷன்ஸ்.செக்ட்லிஸ்ட் கொண்டு சுற்றி, சேமிப்புக்கணக்கு.கிளாஸ் என்பதையும் உடன் கொடுங்கள். அதன்பின் யார், எந்த வழியாக, தவறான வகையைப் போட்டாலும் போடும் நொடியிலேயே எக்ஸெப்ஷன் வரும். ஸ்டாக் ட்ரேஸ் குற்றவாளியின் வரியைக் காட்டும். கண்டுபிடித்துத் திருத்திய பிறகு அந்தச் சுற்றலை எடுத்துவிடலாம். கூடவே கம்பைலரில் லின்ட் எச்சரிக்கைகளை முழுதாக இயக்குங்கள். வெறும் வகையின் கேடு பட்டியலோடு நிற்பதில்லை: ஒரு மாறியைக் கோண அடைப்பில்லாமல் வெறும் ரெப்போசிட்டரி என்று அறிவித்தால், அந்த வகைக்குச் சம்பந்தமே இல்லாமல் லிஸ்ட்<ஸ்ட்ரிங்> திருப்பித் தரும் மெத்தட்கூட அந்த மாறி வழியாக அழைக்கும்போது வெறும் லிஸ்டாகிவிடுகிறது.

கம்பேரபிள் பிழைக்கும் இந்த அழிப்புதான் உடனடிக் காரணம், ஆனால் அதன் அடியில் இன்னொரு காரணமும் இருக்கிறது. கம்பேரபிள் இன்டர்ஃபேஸின் கம்பேர்டு மெத்தட், வகை அழிந்தபின், ஆப்ஜெக்ட்டை வாங்கும் மெத்தட். நீங்கள் எழுதியதோ கணக்கை வாங்கும் மெத்தட். இரண்டையும் இணைக்க, கம்பைலர் ஆப்ஜெக்ட்டை வாங்கி, கணக்காக காஸ்ட் செய்து, உங்கள் மெத்தட்டை அழைக்கும் ஒரு பிரிட்ஜ் மெத்தட்டைத் தானாக எழுதிச் சேர்க்கிறது. சேமிப்புக்கணக்கு வேறொரு வகையோடு கம்பேரபிள் ஆனால் அதற்கும் ஒரு பிரிட்ஜ் வேண்டும். அது பேரன்ட்டின் பிரிட்ஜை ஓவர்ரைட் செய்துவிடும். அப்போது ஒரு சேமிப்புக்கணக்கை கம்பேரபிள்<கணக்கு> என்ற பெயரில் பிடித்துக்கொண்டு கடன்கணக்கோடு ஒப்பிட்டால் காஸ்ட் தோற்று விழும். 'நான் எந்தக் கணக்கோடும் ஒப்பிட்டுக்கொள்வேன்' என்று பேரன்ட் கொடுத்த வாக்குறுதியை சைல்ட் மீறுகிறது. லிஸ்கோவ் சொன்ன அதே அளவுகோல்தான் இங்கும்.

நல்ல செய்தி: உங்களுக்கு இரண்டாவது கம்பேரபிள் தேவையே இல்லை. கலெக்ஷன்ஸ்.சார்ட் மெத்தட் தன் வகைக்கு வைக்கும் நிபந்தனை கம்பேரபிள்<வகை> அல்ல, கம்பேரபிள்<? சூப்பர் வகை>. சேமிப்புக்கணக்கின் பேரன்ட்டுக்கு ஒப்பிடத் தெரிந்தால் போதும், லிஸ்ட்<சேமிப்புக்கணக்கு> வரிசையாகிவிடும். எல்லாக் கணக்குகளையும் ஒப்பிடத் தெரிந்த ஒருவருக்குச் சேமிப்புக்கணக்குகளை ஒப்பிடத் தெரியாமல் போகுமா? சேமிப்புக்கணக்குக்கு மட்டும் வேறு வரிசை வேண்டுமென்றால், உதாரணமாக வட்டி விகிதப்படி, கம்பேரேட்டர்<சேமிப்புக்கணக்கு> ஒன்றைத் தனியாக எழுதி சார்ட் அழைப்பில் கொடுங்கள். கிளாஸின் இயல்பான வரிசை ஒன்று இருக்கட்டும். மற்றவை எல்லாம் கம்பேரேட்டர்.

நீங்களே இப்படிப்பட்ட மெத்தட் எழுதும்போதும் அந்த சூப்பரை விட்டுவிடாதீர்கள். விட்டால் என்ன ஆகும் என்று பார்க்க லோக்கல்டேட் போதும். ஜாவா 8 முதல் தேதிகளுக்கு நாம் எல்லோரும் பயன்படுத்துவது அதைத்தான். ஆனால் லோக்கல்டேட் தன்னளவில் கம்பேரபிள்<லோக்கல்டேட்> கிடையாது. அது குரோனோலோக்கல்டேட் என்ற இன்டர்ஃபேஸைச் செயல்படுத்துகிறது, அதுவே கம்பேரபிள்<குரோனோலோக்கல்டேட்>. ஆகவே <வகை எக்ஸ்டெண்ட்ஸ் கம்பேரபிள்<வகை>> என்று எழுதி, லிஸ்ட்<வகை> வாங்கும் மெத்தட் ஒன்றுக்கு லிஸ்ட்<லோக்கல்டேட்> கொடுத்தால் கம்பைலர் மறுக்கும். உள்ளே ஒரு 'கேள்விக்குறி சூப்பர்' சேர்த்தால் ஏற்கும். கடன் தவணைத் தேதிகளில் மிகப் பழையதைக் கண்டுபிடிக்கும் மெத்தட் எழுதும் நாளில் இது உங்களுக்கு உதவும்.

கடைசியாக ரெப்போசிட்டரி பேஸ் கிளாஸ். ஜெனரிக் கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்யும்போது அதன் வகையை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். அப்படியே மேலே கடத்தலாம், அர்ரேலிஸ்ட் தன் வகையை லிஸ்டுக்குக் கடத்துவதுபோல. அல்லது நிலைநிறுத்திவிடலாம்:

கிளாஸ் சேமிப்புரெப்போ எக்ஸ்டெண்ட்ஸ் ரெப்போசிட்டரி<சேமிப்புக்கணக்கு>

உங்களுக்கு ஏற்றது இந்த இரண்டாவது. பேஸில் <வகை எக்ஸ்டெண்ட்ஸ் கணக்கு> என்று வரம்பு வைத்தால், எண்ணால் தேடுவது, சேமிப்பது போன்ற பொதுவான வேலைகளை ஒருமுறை எழுதலாம். கணக்கின் மெத்தட்களை காஸ்ட் இல்லாமல் அழைக்கலாம். சைல்டில் தேடு மெத்தட் சேமிப்புக்கணக்கையே திருப்பித் தரும்.

ஆனால் இரண்டு இடங்களில் நிதானம் வேண்டும். சேமிப்புரெப்போவைக் கணக்கு ரெப்போசிட்டரி என்று நினைத்துக் கொடுக்க முடியாது. ரெப்போசிட்டரி<கணக்கு> கேட்கும் மெத்தட் அதை மறுக்கும். காரணம் இப்போது உங்களுக்கே தெரியும்: சேமி மெத்தட் உள்ளே போடுவது. அறிக்கை தயாரிக்கும் மெத்தட்கள் தேடுவதோடு நிற்பவை என்றால், தேடும் வேலையை மட்டும் வைத்து ஒரு சிறிய இன்டர்ஃபேஸ் பிரித்துக்கொள்ளுங்கள். அங்கே எக்ஸ்டெண்ட்ஸ் கேள்விக்குறி உறுத்தாமல் உட்காரும். இரண்டாவது, சைல்ட் கிளாஸ் வகையை நிரப்புவதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை என்றால் அந்த கிளாஸ் வேண்டாம். ரெப்போசிட்டரியை சாதாரண கிளாஸாகவே வைத்து, நியூ ரெப்போசிட்டரி<கடன்கணக்கு> என்று உருவாக்கிக்கொள்ளலாம். தவணை தவறிய கடன்களைத் தேடுவது போல அந்த வகைக்கே உரிய வேலை வரும்போது சைல்ட் எழுதினால் போதும். வகையை மாற்ற பாராமீட்டர், நடத்தையை மாற்ற இன்ஹெரிட்டன்ஸ் என்று பிரித்துக்கொண்டால் கிளாஸ்களின் எண்ணிக்கை கட்டுக்குள் நிற்கும்.

பேஸ் கிளாஸ் எழுத உட்கார்ந்ததும் நீங்கள் முட்டிக்கொள்ளப்போகும் சுவர் ஒன்று இருக்கிறது: நியூ வகை() என்று எழுத முடியாது. டேட்டாபேஸ் வரிசையை எந்த கிளாஸின் பொருளாக மாற்றுவது என்று பேஸுக்குத் தெரியாது, வகை அழிந்துவிடுவதால். இதற்கு ஒரு சாமர்த்தியமான வழி புழக்கத்தில் உண்டு. அழிப்பு பட்டியல் போன்ற பொருள்களிலிருந்துதான் வகையை அழிக்கிறது. 'எக்ஸ்டெண்ட்ஸ் ரெப்போசிட்டரி<சேமிப்புக்கணக்கு>' என்று கிளாஸ் முகப்பில் எழுதியது கிளாஸ் ஃபைலில் அப்படியே இருக்கும். ரிஃப்ளெக்ஷன் மூலம் கெட்ஜெனரிக்சூப்பர்கிளாஸ் என்று கேட்டால் அதைப் படித்துவிடலாம். நீல் காஃப்டர் 2006-ல் விளக்கிய உத்தி இது. ஜிசான் லைப்ரரியின் டைப்டோக்கன், ஜாக்சனின் டைப்ரெஃபரன்ஸ் இரண்டும் இதன் மேல்தான் நிற்கின்றன. அவற்றை உருவாக்கும்போது கடைசியில் காலியான ஒரு சுருள் அடைப்பு வைக்கச் சொல்வது, அந்த இடத்திலேயே ஒரு சைல்ட் கிளாஸ் பிறக்க வேண்டும் என்பதற்காக.

உங்கள் பேஸ் கிளாஸுக்கு இந்த உத்தியை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாளை யாராவது சேமிப்புரெப்போவை எக்ஸ்டெண்ட் செய்து முதியோர்சேமிப்புரெப்போ எழுதினால், அதன் நேரடிப் பேரன்ட் கோண அடைப்பே இல்லாத சேமிப்புரெப்போ. படிக்க வகை கிடைக்காது, ஏணியில் ஒவ்வொரு படியாக மேலே ஏறித் தேடும் நிரல் எழுத வேண்டியிருக்கும். நியூ ரெப்போசிட்டரி<கடன்கணக்கு> என்று நேராக உருவாக்கினாலோ படிக்க ஒன்றுமே இருக்காது. பேஸின் கன்ஸ்ட்ரக்டரில் கிளாஸ்<வகை> என்று ஒரு பாராமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். சேமிப்புரெப்போ அதற்குச் சேமிப்புக்கணக்கு.கிளாஸ் என்று கொடுக்கட்டும். ஒரே ஒரு பாராமீட்டர் கூடுதலாகிறது. மேலே சொன்ன செக்ட்லிஸ்டுக்குக் கொடுக்க வேண்டியதும் அதேதான் என்பதால், அண்ணாவின் வெறும் லிஸ்ட்களைத் தேடிப் பிடிக்கும் வேலையை அந்த பேஸ் கிளாஸிலிருந்தே தொடங்கிவிடலாம்.